பத்திரங்களைக் காக்கும் கணினி: கண்டியிலிருந்து சில நடைமுறைக் குறிப்புகள்

போரில் எமது மக்கள் இழந்தவற்றுள் காகிதங்களும் அடங்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உத்தரவுப்பத்திரம், பாடசாலை விடுகைப் பத்திரம், கலியாணப் படம், காணாமல் போனவருக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் ஏதோவொன்று கைவிட்டுப் போனது. எஞ்சியவை இன்று பல வீடுகளில் ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கின்றன.

நான் கண்டி நகரில் தமிழ்த் தட்டச்சும் சிங்களத்திலிருந்து மொழிபெயர்ப்பும் செய்து வருகிறேன். கட்டுகஸ்தோட்டை, கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தெனிய என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும். 2009க்குப் பின் உறவினரை நம்பி மலையகத்துக்குத் திரும்பி வந்தவர்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: ‘இந்தப் பத்திரத்தை அழியாமல் வைக்க முடியுமா? இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதித் தர முடியுமா?’

கணினியை வேகமாக இயக்கும் வழிகளைச் சொல்லும் கட்டுரைகள் நிறைய உண்டு. எமக்கு வேகத்தைவிட வேறு மூன்று விடயங்கள் முக்கியம். எழுதியது இருபது வருடம் கழித்தும் வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். தேடினால் அகப்பட வேண்டும். ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்து என் மேசையில் நான் பாவிக்கும் கருவிகளையும் திரை அமைப்புகளையும் கீழே தருகிறேன். பெரும்பாலானவை இலவசமானவை.

எந்தக் கணினி போதும்?

புதிய கணினி தேவையில்லை. பாவித்த மடிக்கணினி ஒன்று போதும். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள்: நினைவகம் 8 ஜிபி இருக்க வேண்டும், சேமிப்புக்குப் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. இருக்க வேண்டும். பத்து வருடப் பழைய இயந்திரம்கூட எஸ்.எஸ்.டி. போட்டதும் வேறு இயந்திரம்போல் இயங்கும்.

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. பழைய இயந்திரங்கள் பல விண்டோஸ் 11ஐ ஏற்காது. அதற்காக அவற்றை வீச வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் இலவசம். பழைய மடிக்கணினியில் நன்றாக ஓடும். தமிழை ஒழுங்காகக் காட்டும். கடிதம், ஸ்கான், மின்னஞ்சல் என்ற அளவுக்கு அது தாராளமாகப் போதும்.

திரை: தமிழ் எழுத்துக்கு ஏற்றபடி

கணினித் திரை வரும்போதே இருக்கும் அமைப்பு பெரும்பாலும் ஆங்கில எழுத்தைக் கருதியது. தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும், ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு சிறு கோடுதான். மலிவு மடிக்கணினிகளின் 1366க்கு 768 புள்ளித் திரையில் சிறிய எழுத்தில் அந்தக் கோடு மங்கிவிடும். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் விண்ணப்பம் திரும்பி வரும் என்பதால் திரையைச் சரிசெய்வதும் வேலையின் ஒரு பகுதிதான்.

என் அமைப்பு இதுதான்:

- விண்டோஸ் அமைப்புகளில் ‘டிஸ்பிளே’ பகுதிக்குள் ‘ஸ்கேல்’ என்பதை 125 சதவீதமாக வைத்திருக்கிறேன். திரையின் புள்ளி அளவை மட்டும் மாற்றுவதில்லை. இயல்பான அளவிலிருந்து இறக்கினால் எழுத்து கலங்கும்.
- தேடல் பெட்டியில் ‘கிளியர்டைப்’ என்று தட்டினால் எழுத்தைத் துலக்கும் கருவி வரும். அது காட்டும் மாதிரிகளில் உங்கள் கண்ணுக்குத் தெளிவானதைத் தெரிவு செய்யுங்கள்.
- திரையில் வாசிக்க ‘நிர்மலா யூஐ’ அல்லது ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ எழுத்துரு. அச்சுக்கு ‘நோட்டோ செரிப் தமிழ்’. தட்டும்போது எழுத்தளவு 14, வரி இடைவெளி ஒன்றரை. அச்சிடும் முன் 12க்கு இறக்கலாம்.
- லிப்ரே ஆபிஸில் தமிழ் எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்துக்கு உரியவற்றிலிருந்து தனியாக இருக்கும். மொழி அமைப்பில் ‘கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதைத் தெரிவு செய்தால்தான் தமிழுக்கான பெட்டி தெரியும். அளவை மாற்றியும் தமிழ் எழுத்து மாறவில்லை என்று குழம்புவோருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.
- கறுப்புப் பின்னணியை நான் விரும்புவதில்லை. வெள்ளைத் தமிழ் எழுத்தின் மெல்லிய கோடுகள் கறுப்பில் பரவித் தெரியும். பின்னணியை இளமஞ்சளாக்கி, பிரகாசத்தை அறை வெளிச்சத்துக்குச் சமமாக இறக்கினால் கண் நோகாது.
- மாலை ஆறு மணிக்குப் பின் ‘நைட் லைட்’ தானாக எரியும்படி நேரம் குறித்திருக்கிறேன். ஆனால் ஸ்கான் செய்த படத்தின் நிறத்தைச் சரிபார்க்கும்போது அதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் நீல முத்திரை பச்சையாகத் தெரியலாம்.
- விண்டோஸ் விசையுடன் இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால் சாளரம் பாதித் திரையில் ஒட்டிக்கொள்ளும். இடப்பக்கம் ஸ்கான் செய்த பத்திரம், வலப்பக்கம் தட்டச்சு. கழுத்தைத் திருப்பித் திருப்பித் தாளைப் பார்க்கும் வேலை மிச்சம்.

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பாருங்கள். கண் வைத்தியர்கள் சொல்லும் எளிய பழக்கம் இது. கண்டியில் எந்த யன்னலைத் திறந்தாலும் ஒரு மலை தெரியும். அதைப் பார்த்தால் போதும்.

பாமினியில் கிடப்பதை யுனிகோடுக்கு மாற்றுங்கள்

இலங்கைத் தமிழர் பலரின் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் உள்ளன. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போர்த்திய தமிழ் உருவம். திரையில் ‘அம்மா’ என்று தெரிந்தாலும், கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான் பதிவாகியிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலம் வரும். ‘அம்மா’ என்று தேடினாலும் கிடைக்காது. 2002இல் தட்டிய ஒரு வாக்குமூலம் பத்திரமாகக் கணினியில் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுவது இப்படித்தான்.

யுனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுவதும் பொதுவான எண் உண்டு. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தொலைபேசி, கணினி, இணையம் எதிலும் அதே எழுத்து வரும். இனி எழுதுவதெல்லாம் யுனிகோடில் இருக்கட்டும், பழையதையும் மாற்றிவிடுங்கள்.

பாமினிக்குப் பழகிய விரல்களை மாற்றத் தேவையில்லை. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை ஆகிய இலவச மென்பொருள்களில் பாமினி விசைப்பலகை அமைப்பு இருக்கிறது: பழைய விசைகளையே தட்டலாம், விழுவது யுனிகோடாக இருக்கும். புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் சொல்வது 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து வந்த தமிழ்99. இதில் குறைந்த தட்டல்களில் எழுதலாம்; விண்டோஸிலேயே இருக்கிறது. விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும்.

பழைய கோப்புகளை மாற்ற, சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் உண்டு. மாற்றிய பின் ஒரு தடவை கட்டாயம் வாசியுங்கள். பாமினிக் கோப்பின் நடுவே ஆங்கிலம் இருந்தால் மாற்றி அதையும் தமிழாக்கிவிடும். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் இறுதியில் உள்ள ‘வி’ என்ற ஆங்கில எழுத்து ‘ஏ’ என்று மாறியிருப்பதை நான் பல கோப்புகளில் கண்டிருக்கிறேன். மாற்றிய கோப்புடன் பழைய கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

பெயர்களுக்கு ஒரு பட்டியல்

என் மேசைக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை பெயரைப் பற்றியவை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, முகாமில் பதிந்தபோது வேறொன்று. காரணம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் ‘க’ ஒன்றுதான். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அந்த ஒலிக்கு வன்மையாகவும் மென்மையாகவும் வேறு வேறு எழுத்துகள் உண்டு. கணேசன் என்ற பெயரைச் சிங்களத்தில் எழுதும் உத்தியோகத்தர் எதைத் தெரிவு செய்கிறாரோ, அதுவே அவருடைய பெயராகிவிடும். பாலனுக்கும் இதே கதை. ‘ழ’ சிங்களத்தில் இல்லை. ‘இராமசாமி’யும் ‘ராமசாமி’யும் எமக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

அதனால் ஒவ்வொரு குடும்பமும் ஓர் அட்டவணைக் கோப்பு வைத்திருப்பது நல்லது. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், எந்தப் பத்திரத்தில் எந்த எழுத்துக்கூட்டல் உள்ளது என்ற குறிப்பு. கடிதம் எழுதும்போது அங்கிருந்து பிரதி எடுத்து ஒட்ட வேண்டும். மறுபடி தட்டக் கூடாது. விண்டோஸ் விசையுடன் ‘வி’யை அழுத்தினால் கடைசியாகப் பிரதி எடுத்தவை வரிசையாகத் தெரியும். அடிக்கடி வரும் முகவரி, விளிப்பு, பிரதேச செயலகத்தின் பெயர் போன்றவற்றுக்கு எஸ்பான்சோ என்ற இலவசக் கருவியைப் பாவிக்கிறேன். நாலு எழுத்துச் சுருக்கத்தைத் தட்டினால் முழு வரியும் விழும்.

அடையாள அட்டை இலக்கத்தில் இன்னொரு விடயம். பழையது 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும். புதியது 12 இலக்கங்கள். 1900களில் பிறந்தவருக்குப் பழைய இலக்கத்தின் முன்னால் 19ஐச் சேர்த்து, பழையதன் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியத்தை நுழைத்து, கடைசி ஆங்கில எழுத்தை நீக்கினால் புதிய இலக்கம் வரும். அட்டவணையில் இரண்டையும் எழுதிவைத்தால் பழைய கோப்பும் புதிய கோப்பும் ஒரே ஆளுடையவை என்று காட்டலாம்.

தேடலில் அகப்படாமல் போகும் இரண்டு எழுத்துகளையும் கவனியுங்கள். ‘கௌரி’யைச் சிலர் ஒற்றைக்கொம்பு, ‘க’, ‘ள’ என்று மூன்று உருவாகத் தட்டுவார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கணினிக்கு அது ‘கெளரி’. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தும் யுனிகோடில் இரண்டு விதமாகப் பதிவாகலாம். பெயரில் இவை இருந்தால் இரு விதமாகவும் தேடிப் பாருங்கள்.

ஸ்கான் செய்யும் முறை

நாப்ஸ்2 என்ற இலவச மென்பொருள் பெரும்பாலான ஸ்கானர்களுடன் வேலை செய்யும். பல பக்கங்களை ஒரே பி.டி.எவ். ஆக்கும். அளவு 300 டி.பி.ஐ.; மங்கிய பத்திரம், சிறிய படம் என்றால் 600. கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டாம். முத்திரையின் நிறமும் கையெழுத்தின் மையும் பத்திரம் மூலப்பிரதி என்பதைக் காட்டுபவை. பின்பக்கத்தையும் எடுங்கள், உத்தியோகத்தரின் குறிப்பும் திகதி முத்திரையும் அங்கேதான் இருக்கும்.

ஸ்கானர் இல்லையென்றால் தொலைபேசி போதும். பத்திரத்தை யன்னலோரம் தட்டையாக வைத்து, நிழல் விழாமல் நேர் மேலிருந்து எடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ‘டொகுமென்ட்’ ஆக அனுப்புங்கள். பத்திரம் கெடாமல் இருக்கும் என்று நினைத்து மூலப் பத்திரத்தை லெமினேட் செய்யாதீர்கள். ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது.

கோப்பின் பெயரில் ஆண்டு முதலில் வரட்டும்: ஆண்டு, மாதம், நாள், யாருடையது, என்ன பத்திரம். அப்படி வைத்தால் கோப்புறையைத் திறந்ததும் ஒரு குடும்பத்தின் கதை திகதி வரிசையில் நிற்கும். விண்டோஸில் ‘எவ்ரிதிங்’ என்ற சிறிய தேடல் கருவி கோப்புப் பெயரைத் தட்டத் தட்டக் காட்டும். கடிதங்களை அலுவலகத்துக்கு அனுப்பும்போது லிப்ரே ஆபிஸில் பி.டி.எவ்./ஏ வடிவில் சேமியுங்கள். அதில் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். எந்தக் கணினியிலும் தமிழ் கலையாது.

கண்டியிலும் தமிழில் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதலாம். வடக்கு கிழக்குக்கு வெளியேயும் அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால், அந்தக் கடிதத்தையும் ஸ்கான் செய்து திகதியுடன் வையுங்கள்.

வாக்குமூலங்களுக்குத் தனிக் கவனம்

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் ஒரே கதையை எத்தனையோ ஆணைக்குழுக்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமல் போனோர் அலுவலகம் அமைந்த பின் அங்கும் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லும்போது ஒரு திகதி மாறும், ஓர் இடத்தின் பெயர் விடுபடும். முதலில் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதையே அடிப்படையாக வைத்து எழுதுங்கள். யாருக்கு, எந்தத் திகதியில், என்ன கொடுத்தோம், என்ன பதிவு இலக்கம் கிடைத்தது என்பதற்கு ஓர் அட்டவணை. சொன்னவரின் வார்த்தைகளைத் திருத்த வேண்டாம். முடிந்தால் குரலையும் பதிந்துவையுங்கள்.

இத்தகைய கோப்புகளை இணையத்தில் உள்ள இலவச மாற்றிகளிலும் மொழிபெயர்ப்புக் கருவிகளிலும் போடாதீர்கள். அங்கே போட்டது இன்னொருவரின் கணினிக்குப் போகிறது. கூகிளின் தமிழ்க் குரல் தட்டச்சு சாதாரணக் கடிதத்துக்கு நல்ல உதவி; வாக்குமூலத்துக்கு வேண்டாம். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்க, நாப்ஸ்2க்குள்ளேயே இயங்கும் டெசராக்ட் தமிழை ஓரளவு வாசிக்கும். கோப்பு உங்கள் மேசையை விட்டு வெளியே போகாது. தொடர்பாடல் நிலையத்தில் அச்சிட்டால், அங்கே பிரதி எடுத்த கோப்பை அழித்துவிட்டே எழும்புங்கள்.

முக்கியமான கோப்புகளை வெராகிரிப்ட் கொண்டு பூட்டி வைக்கலாம். ஆனால் கடவுச்சொல் மறந்தால் எவராலும் திறக்க முடியாது. அதை ஒரு தாளில் எழுதி, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

மின்வெட்டும் மழையும்

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. அதனால் மேசைக்கணினியைவிட மடிக்கணினி நல்லது. மேசைக்கணினிதான் என்றால் யூ.பி.எஸ். கட்டாயம், சிறிய யூ.பி.எஸ். தருவது சில நிமிடங்கள்தான், சேமித்து மூட அது போதும். லிப்ரே ஆபிஸில் தானாகச் சேமிக்கும் இடைவெளி பத்து நிமிடம், அதை இரண்டாக்குங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, செருகியையே கழற்றிவிடுங்கள்.

மலைநாட்டு ஈரலிப்பில் ஸ்கானர் கண்ணாடியிலும் பத்திரங்களிலும் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொதிகளைச் சேர்த்துவைத்துப் பெட்டிக்குள் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், பிரதிகள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வேறு ஊரில். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் என்றென்றைக்குமாகப் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் இடிந்து வீடுகளை மூடின. நெருப்பானாலும் மண்ணானாலும் ஒரே இடத்தில் இருந்ததைத்தான் முழுவதுமாகக் கொண்டுபோகும். கண்டியில் உள்ள குடும்பம் ஒரு பிரதியை வவுனியாவில் உள்ள உறவினரிடமோ கனடாவில் உள்ள பிள்ளையிடமோ கொடுத்துவைக்கலாம். பென்ட்ரைவை வருடக்கணக்கில் அலுமாரியில் போட்டு மறந்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய சஞ்சிகை, மலர், ஊர் வெளியீடு போன்றவை இருந்தால், 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனத்தையும் நாடலாம்.

எங்கே தொடங்குவது?

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாது. இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. பொலித்தீன் பையில் இருப்பவற்றில் மறுபடி எடுக்க முடியாதவற்றை முதலில் படமெடுங்கள். சான்றிதழுக்குப் பதிவாளரிடம் பிரதி கேட்கலாம். இறந்தவரின் கடிதத்துக்கு எவரிடமும் கேட்க முடியாது.
2. அதே நாளில் வேறு ஊரில் உள்ள ஒருவருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.
3. அடுத்த கிழமை குடும்பத்தின் பெயர்ப் பட்டியலை மூன்று மொழியிலும் தட்டுங்கள்.
4. பிறகு பாமினிக் கோப்புகளை மாற்றுங்கள்.
5. திரை, எழுத்துரு, குறுக்கு விசைகள் எல்லாம் வேலை செய்யச் செய்யத் தானாக அமையும்.

முதல் இரண்டுக்கும் கணினிகூடத் தேவையில்லை. கையில் உள்ள தொலைபேசியில் இன்று மாலையே செய்யலாம்.